பின்

நான் இருக்கும் ஊரின் பெயர் தூண்.
ஞாயிறு விடிய ஐந்தரைக்கு ரயில்.
"எங்கே இந்த இருட்டில்?" என்றாள் நிரஞ்சலா,
போர்வைக்குள் இருந்தபடி.
"பின்" என்றேன்.
"பின் எங்கே?"
"அதுதான். பின்."
தலையணை பறந்து வந்தது.

சத்தியமாய் அப்படியோர் ஊர் உண்டு.
மலையைக் குடைந்த பாதை தாண்டி
மஞ்சள் பஸ் மூச்சுவாங்கி நிற்குமிடம்.
அதற்கும் மேலே முக்கால் மணி நடந்தால்
சரிவில் கொட்டிக் கிடக்கும் வெள்ளைக்கல்,
சீனிபோல உதிரும் வெள்ளை.
உடைத்தவர்கள் வேண்டாமென்று தள்ளியது.
அதற்குத்தான் இந்த இருட்டும் ரயிலும்.

தூணில் இருப்பவன்
துரும்பைத் தேடிப் போவதில் பிழையில்லைதானே?
நாங்கள் தேடுவது துரும்பிலும் சிறியது.

வ்ரேனி முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள்;
பழைய ஓட்டுனர் மெத்தையைச் சரிவில் போட்டு
அதில்தான் உட்காருவாள்.
செவரின் பொய்ப்பல் செய்கிறவன்;
பல்லிடுக்கு ஊசியால் கல்லிடுக்கைக் குடைந்து
"கொஞ்சம் வாயைத் திற" என்பான் அதனிடம்.
யொசியானுக்கு வயது பதினாறு.
எல்லாக் கல்லின் பெயரும் தெரியும்,
அதைத் தவிர வேறொன்றும் பேசமாட்டாள்.
பிறகு வ்ரேனியின் நாய், மோஸ்ட்லி.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று
பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான்.
இங்கே கல்லும் உண்டு நாயும் உண்டு.
எறியத்தான் யாருக்கும் மனமில்லை,
கல் அவ்வளவு நல்ல கல்.

மற்ற நாளெல்லாம்
முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை.
இந்த நாட்டு அரிசியில் கல் இல்லை,
விரல் சும்மா இருக்கிறது, அதனால்தான் வந்தேன் என்று
ஒருமுறை செவரினுக்குச் சொன்னேன்.
நம்பிவிட்டான்.

டொக். டொக் டொக். டொக்.
ஒரு சுத்தியல் நின்றால் மற்றதெல்லாம் நிற்கும்.
யாரும் எதுவும் கேட்பதில்லை,
கழுத்து மட்டும் நீளும்.
"ஒன்றுமில்லை, பைரைட்."
மறுபடி டொக்.

பதினொன்றரைக்கு என் சுத்தியல் நின்றது.

பிளந்த வெள்ளைக்குள் ஒரு குழி,
குழிக்குள் சிவப்பு.
மாதுளை முத்தை எறும்பு கிள்ளியெடுத்த அளவு.
"ரியல்கார்" என்றாள் யொசியான்,
பத்தடி தள்ளி நின்றே.

ஓடிவந்த வ்ரேனி
தொப்பியைக் கழற்றிக் கல்லை மூடினாள்.
வெளிச்சம் ஆகாதாம் இதற்கு.
நாள்பட நாள்படச் சிவப்பு செத்து
மஞ்சள் பொடியாய்ச் சொரிந்துவிடுமாம்.
கண்ணாடி அலுமாரியில் வைத்து
வருகிறவர் போகிறவருக்குக் காட்டமுடியாது.

ஆகவே தொப்பியின் ஓரத்தை இரண்டு விரல் உயர்த்தி,
லென்ஸைக் கண்ணோடு ஒட்டி,
ஆளுக்குப் பத்து எண்ணும்வரை.
வ்ரேனிக்கு நான் தமிழில் எண்ணினேன்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இழுத்து.
"நல்லா வாயைத் திறந்திருக்கு" என்றான் செவரின்.
யொசியான் இரண்டு தடவை பார்த்தாள்,
யாரும் கணக்குக் கேட்கவில்லை.
என் முறை வந்தபோது
லென்ஸில் மூன்று பேரின் மூச்சு பனித்திருந்தது.
துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"கை கழுவாமல் பாணைத் தொடாதே,
அதற்குள் நஞ்சு!" வ்ரேனி அதட்டினாள்.
ஓடைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது.
பாண், பாற்கட்டி, நான் கொண்டுபோன கடலை வடை.
வடையை லென்ஸில் வெகுநேரம் ஆராய்ந்தான் செவரின்.
மோஸ்ட்லி ஆராயவில்லை.

யொசியான் ஒரு கறுப்பு டப்பா தந்தாள்.
பஞ்சு வைத்து, கல் வைத்து,
மூடியில் எழுதினாள்: பின், தேதி, என் பெயர்.
என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரவு, தூணில்,
குசினி விளக்கை அணைத்துக்
கைபேசியின் கீற்று வெளிச்சத்தில்
நிரஞ்சலாவுக்கு டப்பாவைத் திறந்தேன்.
"பத்து எண்ணுவேன், அவ்வளவுதான்."

எண்ணி முடித்தேன்.
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள்.
"மூடு" என்றேன்.
"பின்" என்றாள்.